நாலாவது ஆள்

சிலாபத்து ஸ்டூடியோ ஒன்றில் கோசலா ஆறு வருஷம் ஊரார் முகத்துக்குப் பவுடர் பூசினாள். படம் எடுப்பது முதலாளியின் வேலை. அவளுக்கு வாய்த்தது பவுடர், சீப்பு, மாப்பிள்ளைமாருக்கு இரவல் கொடுக்கிற கோட்டு, அழுகிற பிள்ளைக்கு ஆட்டிக் காட்டுகிற கிலுகிலுப்பை. கமராவைத் துடைக்கலாம், கண்ணில் வைத்துப் பார்க்கக் கூடாது. அவள் பார்த்தாள். முதலாளி சாப்பிடப் போகிற நேரமெல்லாம் பார்த்தாள். மனிதர் ஆறுதலாகச் சாப்பிடுகிறவர் என்பதால் தொழிலை முழுதாகவே கற்றுவிட்டாள்.

முந்தலில் ஓர் அறை பார்த்திருக்கிறேன், இனித் தனியாகத்தான் படம் எடுக்கப்போகிறேன் என்று அவள் போய்ச் சொன்னபோது முதலாளிக்குப் புரைக்கேறிவிட்டது. முந்தலில் யார் வந்து படம் எடுப்பான், இறாலா என்று கேட்டார். ஆறு மாதத்தில் திரும்பி வந்து நிற்பாய், அதுவரைக்கும் உன்னுடைய பவுடர் டப்பாவை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். இறால் கதையைக் கோசலா பொறுத்துக்கொண்டாள். டப்பாக் கதைதான் சுட்டது. ஆறு மாதம் அல்ல, அறுபது வருஷம் ஆனாலும் அந்த டப்பாவைத் தொடுவதில்லை என்று புத்தளம் பஸ்ஸில் இருந்தபடியே முடிவுகட்டினாள்.

அறை, நஃபீஸாவின் இறால் தீனிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முந்தலைச் சுற்றி இறால் பண்ணைகள். கீழே மூட்டை மூட்டையாகத் தீனி அடுக்கியிருக்கும். அந்த மணம் மேலே ஏறி வந்து படம் எடுக்க உட்காருகிறவரின் மூக்கில் நுழையும். அதனால் கோசலாவின் முதல் மாதப் படங்களில் எல்லோரும் யாரிடமோ கோபித்துக்கொண்டவர்களைப் போல மூக்கைச் சுருக்கி இருந்தார்கள். அவையும் அடையாள அட்டைக்கான படங்கள்தான். அவளுடைய ஆசையோ குடும்பப் படத்தின் மேல். கதிரை போட்டு, பின்னால் திரை தொங்கவிட்டு, ஒரு வீட்டு ஆட்களை ஒன்றாக நிறுத்தி எடுத்து, அந்த வீட்டு அலுமாரிக்கு மேல் தலைமுறைக்கும் நிற்கிற மாதிரி ஒரு படம்.

முதல் குடும்பம் கடற்கரை ஊரான உடப்பிலிருந்து வந்தது. செல்லாச்சி, மகன் நிரோஜன், மருமகள் கஜலக்ஷ்மி. செல்லாச்சி கரைவலை மீனைக் கடற்கரையில் ஏலம் கூறுகிறவள். அவள் மெதுவாகப் பேசினாலே கீழே நஃபீஸாவின் தராசுத் தட்டு ஆடும். மூவரும் பட்டும் வேட்டியுமாகத் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கோசலா கமராவைக் கண்ணில் வைத்த பிறகுதான் செல்லாச்சி ஆட்களை எண்ணிப் பார்த்தாள். எண்ணியவள் சட்டென்று ஓர் அடி விலகி ஓரத்துக்குப் போனாள்.

மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது. இது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கு எப்போது ஆகாமல் போனது என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நடுவில் போய் நிற்கவும் மாட்டார்கள். செல்லாச்சி மருமகளை நடுவில் நிற்கச் சொன்னாள். பெரியவர்கள் நடுவில் நிற்பதுதான் மரியாதை என்றாள் மருமகள். அவ்வளவு மரியாதையை நிரோஜன் தன் வீட்டில் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு இருவரும் சேர்ந்து அவனைப் பார்த்தார்கள். அவன் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே போய்விட்டான்.

சிலாபத்தில் இதற்கென்றே ஒரு பொம்மை இருந்தது. நாலாவதாக அதை வைத்துவிடுவார்கள். கோசலாவிடம் பொம்மை இல்லை. இருந்தாலும் பொம்மை மூச்சு விடாது, அது கணக்கில் வராது என்று செல்லாச்சி சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது கூப்பிடலாமா என்றதற்கு, இன்றைக்குப் படத்தில் நிற்கிறவன் நாளைக்கு வேலிக்குள் வந்து நிற்பான் என்றாள். முதல் குடும்பம் படி இறங்கப்போகிறது. இப்படியே போனால் ஆறு மாதம் எதற்கு, அடுத்த கிழமையே சிலாபத்துக்கு பஸ் ஏறலாம். கோசலா படிகளில் இறங்கி ஓடினாள்.

கீழே கடை வாங்குப் பலகையில் இருந்து குலசேகரம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து புத்தளம் பக்கம் வந்து தங்கிவிட்டவர். கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த மனிதர், இப்போது முந்தலில் ஒரு தென்னந்தோட்டத்துக்குக் காவல். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. தோட்டத்து மூலையில் ஓலைக் குடில். பகலில் நஃபீஸாவின் வாங்கு. வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருப்பார். ஊரில் ஒருவருக்கும் உறவில்லை, ஒருவரோடும் பகையில்லை, வேலித் தகராறு செய்ய அவருக்கு வேலியே இல்லை. நாலாவது ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கோசலா கேட்டதும் குலசேகரம் பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டு மேலே வந்தார், பின்னால் நிரோஜனும். செல்லாச்சி குடும்பத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கோசலாவிடம் திரும்பி, “நான் இவைக்கு என்ன முறை, பிள்ளை?” என்று கேட்டார்.

என்ன முறையாக இருந்தால் என்ன, சும்மா நின்றால் போதும் என்றாள் கோசலா. அப்படி நிற்க ஏலாது என்றார் அவர். முறை தெரியாமல் முகத்தை எப்படி வைப்பது? செல்லாச்சி கொஞ்சம் யோசித்து, தன் புருஷனுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். உடனே குலசேகரம் நிரோஜனுக்குப் பெரியப்பா ஆனார். தாடை இறுகியது, புருவம் நெருங்கியது, தம்பி வீட்டு அலுவல் எல்லாம் தன் தலையில் விழுந்துவிட்ட ஒரு சலிப்பு முகத்தில் வந்து உட்கார்ந்தது. செல்லாச்சி படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். இப்படி ஒரு மனிதர் உண்மையிலேயே தங்கள் வீட்டில் இருந்திருக்கலாம் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கோசலாவுக்கு ஓய்வில்லை. யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் வந்து குடியிருந்தவர்களில் நாலு பேராக இருந்து மூன்று பேரான வீடுகள் எத்தனையோ. அவர்களுக்குப் படமே இல்லை. வரும் வழியில் எல்லாம் போய்விட்டது. புதிதாக எடுக்கலாமென்றால் ஆள் ஒன்று குறைகிறது. அந்தக் குறைந்த இடத்தில் குலசேகரம் போய் நின்றார். மாமா முகம் வேறு: கல்யாணப் பேச்சில் தன்னை முதலில் கேட்க வேண்டும் என்கிற நிமிர்வு. சித்தப்பா முகம் வேறு: கொழும்பிலிருந்து இனிப்புப் பெட்டியோடு இப்போதுதான் வந்து இறங்கிய சிரிப்பு. மாம்புரியில் சிவசுப்பிரமணியம் வீட்டுப் படத்தில் பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு தாத்தாவின் தம்பியாக நின்றார். அந்தப் பிள்ளை அவர் காதைப் பிடித்த பிடியை விடவில்லை. அந்த முகத்தை எப்படி வரவழைத்தார் என்று கோசலா கேட்டபோது, அது வைத்த முகமில்லை, வந்துவிட்டது என்றார்.

ஐந்தாம் மாதம் ஓர் உதவி நிறுவனம் வந்தது. ஓலை வீட்டுக்காரருக்குக் கல்வீடு கட்டித் தரும். விண்ணப்பத்தோடு, இருக்கிற வீட்டின் முன்னால் எடுத்த குடும்பப் படம் வைக்க வேண்டும். குடும்பத்து ஆட்கள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். கோசலா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். எல்லோரும் இருக்க வேண்டும் என்று இருந்தது. வேறு ஆள் இருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஒரே கிழமையில் மூன்று பேர் உள்ள வீடுகள் பதினொன்றை எடுத்து முடித்தாள். குலசேகரம் சட்டை மாற்றவும் நேரமில்லாமல் அவளுடைய முச்சக்கரவண்டிப் பயணத்தில் பின்னால் இருந்து முறையை மட்டும் கேட்டுக் கேட்டு இறங்கினார்.

கோசலாவின் மனதில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. கம்பியூட்டரில் அவரை அழித்துவிட்டுத் தரவா என்று செல்லாச்சியிடம் கேட்டுப் பார்த்தாள்.

“அழிச்சா திரும்ப மூணு பேராயிரும். உசிரோட இருக்கிற மனுசன அழிக்கிறதும் நல்லதில்ல, புள்ள” என்றாள் செல்லாச்சி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரு மாதம் கழித்துப் பதினொரு குடும்பத்தையும் படக்காரியையும் பொது மண்டபத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. நிறுவனத்து உத்தியோகத்தர் அஹமட், கரைத்தீவுப் பொடியன், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். மேசையில் பதினொரு படத்தையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தான். பதினொரு ஓலை வீடு, பதினொரு குடும்பம், ஒரே மனிதர். இரண்டு வீட்டில் விதவைகளின் கதிரைக்குப் பின்னால் கைவைத்து நிற்கிறார். ஒரு வீட்டில் கல்யாண வயதுப் பெண்ணுக்குத் தகப்பன் மாதிரி நிற்கிறார். விண்ணப்பத்தில் மட்டும் ஒரு வீட்டிலும் அவர் பெயர் இல்லை. கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறது: இவர் பதினொரு குடும்பம் வைத்திருப்பவரா, அல்லது பதினொரு வீடு எடுத்து விற்கப் பார்ப்பவரா? இரண்டில் எதுவானாலும் பதினொரு விண்ணப்பமும் தள்ளுபடி.

குலசேகரத்தை ஒருவரும் அழைக்கவில்லை. ஆனாலும் வந்து கடைசி வாங்கில் இருந்தார், கழுத்துப் பொத்தான் பூட்டியபடி.

இந்த மனிதர் யார் என்று அஹமட் வீடு வீடாகக் கேட்டான். கல்வீடு என்பது சின்னக் காரியமா? மழைக்கு ஒழுகாத கூரையை நினைத்துக்கொண்டு பதில் சொன்னார்கள். முதலில் கேட்ட குடும்பம் தெரியாது என்றது. இரண்டாவது குடும்பம் அறவே தெரியாது என்றது. சிவசுப்பிரமணியம் ஒரு படி மேலே போனார்: படம் எடுக்கும்போது இந்த ஆள் எங்கிருந்தோ வந்து நுழைந்துவிட்டார், பிள்ளையையும் பறித்துத் தோளில் வைத்துக்கொண்டார், கொஞ்சம் மூளை பிசகினவர் என்று கேள்வி என்றார். மண்டபத்துக்கு அது பிடித்துவிட்டது. அதற்கடுத்த குடும்பங்கள் எல்லாவற்றிலும் ஒரு மூளை பிசகின மனிதர் நுழைந்திருந்தார். செல்லாச்சியின் முறை வந்தது. கடற்கரையையே நடுங்க வைக்கிற குரல், அன்றைக்கு முதல்தடவையாகச் சின்னதாக வந்தது. அவளும் அதையே சொன்னாள். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அஹமட் கோசலாவிடம் வந்து உண்மையைச் சொல்லச் சொன்னான். “நீங்க செல்லுங்க. இந்த மனிசன் தானா வந்து நுழைஞ்சதா?”

ஓம் என்ற ஒரு சொல் போதும். பதினொரு வீடும் எழும்பும், அவளுடைய தொழிலும் நிலைக்கும். இல்லை என்றால், கோசலாவின் படத்தால் வீடு போச்சு என்று முந்தல் முதல் மாம்புரி வரை ஆயுள் முழுக்கச் சொல்வார்கள். அவள் கமராவுக்கு முன்னால் பிறகு இறால்கூட வந்து நிற்காது. சிலாபத்துப் பவுடர் டப்பா அவள் கண் முன்னால் வந்தது. முப்பத்து மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பிக் கடைசி வாங்கைப் பார்த்தாள். குலசேகரம் அவளுக்குத் தலையை மெதுவாக ஆட்டினார், சொல்லு என்பதுபோல. பிறகு கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். தலைமயிரைக் கையால் கலைத்துவிட்டார். வாயை ஒரு பக்கம் இழுத்து, கண்ணை எங்கேயோ வைத்து, பைத்தியக்காரன் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார். எல்லா முகத்தையும் போல அதையும் நன்றாகத்தான் வைத்தார். அவளுக்காக வைத்தார். கோசலா அஹமட்டின் பக்கம் திரும்பினாள்.

“அவர் நுழையல்ல, சேர். நான்தான் கூப்பிட்டு நிப்பாட்டினேன்” என்றாள். “ஒவ்வொரு படத்துக்கும் நான்தான் கூப்பிட்டேன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று பேர், நடு ஆள், மூச்சு விடாத பொம்மை, அடுத்த வீட்டு வேலி, ஒன்றும் விடவில்லை. அஹமட்டின் முகத்தில் முதலில் சந்தேகம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, உத்தியோகம் நினைவுக்கு வந்து அதை விழுங்கினான். இவ்வளவுதானா, அப்படியானால் இப்போதே மண்டபத்து வாசலில் மூன்று மூன்று பேராக நில்லுங்கள், புதுப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன் என்றான்.

ஒருவரும் எழும்பவில்லை.

வீடு போய்விடும் என்றான். தெரியும் என்றார்கள். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்கலாமே என்றான். வரிசைக்கும் நடு உண்டு. ஒருவர் முன்னால் குந்தி, இருவர் பின்னால் நிற்கலாமே? மேலே இருந்து பார்த்தால் அதுவும் நடுதான் என்றாள் கஜலக்ஷ்மி, மாமியாரைப் பார்த்தபடி. நானே நாலாவதாக நிற்கிறேன் என்று பொறுமையிழந்து எழும்பியவனுக்கு, பதினொரு படத்திலும் தன் முகத்தைப் பார்த்தால் கொழும்பு என்ன எழுதும் என்று யோசனை ஓடியிருக்க வேண்டும், திரும்ப உட்கார்ந்தான். அவன் புத்தளத்துக்குப் போக வேண்டிய நாலரை மணி பஸ்ஸின் சத்தம் சந்தியில் கேட்டது. அஹமட் பேனையை எடுத்து, பதினொரு விண்ணப்பத்தின் ஓரத்திலும் ஒரே வசனத்தை எழுதிக் கையெழுத்து வைத்தான்: “நாலாவது ஆள் படத்துக்கு மட்டும்.”

பஸ் போய்விட்டது. போன பிறகுதான் அவனுக்கு இன்னொன்று தோன்றியது. கடைசி வாங்குக்குப் போய், ஐயா, நீங்களும் ஓலைக் குடிலில்தானே இருக்கிறீர்கள், உங்கள் விண்ணப்பம் எங்கே என்று கேட்டான்.

குலசேகரம் தலைமயிரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “குடும்பப் படம் எண்டு போட்டிருந்தது, தம்பி. நான் ஒரு ஆள்தானே.”

ஒரு ஆள் என்றாலும் குடும்பம்தான், படத்தைக் கொடுங்கள், அடுத்த பஸ்ஸில் கொண்டு போகிறேன் என்றான் அஹமட்.

வெயில் சரிய முன் எடுத்தாக வேண்டும். கோசலா கமராவோடு தோட்டத்துக்குப் போனாள். குலசேகரம் குடில் வாசலில் போய் நின்றார். பெரியப்பாவாக நின்று பார்த்தார், கலைத்தார். சித்தப்பாவாகச் சிரித்துப் பார்த்தார், அதையும் கலைத்தார். அவள் கமராவை இரண்டு தரம் தூக்கி இரண்டு தரம் இறக்கினாள்.

“எந்த முகம் வைக்கிறது, பிள்ளை?” என்று கேட்டார். பதினொரு வீட்டுக்கு முகம் வைத்தவர், தன் வாசலில் நின்று அதைக் கேட்டார்.

அப்போது தென்னைகளுக்கு நடுவே செல்லாச்சி வந்தாள், பின்னால் நிரோஜன். அவள் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வழக்கம் அவளுக்கு இல்லை. நேரே போய்க் குலசேகரத்தின் வலப்பக்கம் நின்றாள். மகனைக் கையைப் பிடித்து இடப்பக்கம் நிறுத்தினாள். படத்தை எடு என்று கோசலாவைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான் வழக்கம்போல எண்ணிப் பார்த்தாள்.

குலசேகரம் நடுவில் நின்றார்.

நிரோஜன் அரை அடி நகர்ந்தான். செல்லாச்சி மட்டும் நகரவில்லை, ஆனால் அவள் வாய் எதையோ முணுமுணுக்கத் தொடங்கியது. குலசேகரம் பழக்கதோஷத்தில் தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார். நாலாவது ஆளைத் தேடினார். தோட்டத்தில் தேங்காய்தான் இருந்தது.

கோசலா கமராவைத் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள். தானாக எடுக்கிற பொத்தானை அழுத்தினாள். பத்து விநாடி. மணலில் ஓடினாள், பாதி வழியில் ஒரு செருப்புக் கழன்றது, விட்டுவிட்டு ஓடினாள். நிரோஜனுக்குப் பக்கத்தில் போய் நின்று மூச்சு வாங்கவும் கமரா கிளிக் என்றது.

அந்தப் படத்துக்கும் கொழும்பிலிருந்து கேள்வி வந்தது: விண்ணப்பத்தில் ஒருவர், படத்தில் நாலு பேர், மற்ற மூவர் யார்? அஹமட் யோசிக்கவில்லை, படத்துக்கு மட்டும் என்று எழுதி அனுப்பினான். அடுத்த வருஷம் பன்னிரண்டு வீடும் கட்டி முடிந்தன. சிலாபத்து முதலாளி, வேறு ஒரு பிள்ளைக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

குலசேகரம் தன் வீட்டு முன்சுவரில் ஒரே ஓர் ஆணி அடித்தார். கோசலா சட்டம் போட்டுக் கொடுத்த அந்தப் படத்தை அதில் மாட்டினார். அதில் செல்லாச்சி கண்ணை மூடியிருக்கிறாள், நிரோஜன் பயந்திருக்கிறான், கோசலா ஒற்றைச் செருப்போடு வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள். நடுவில் குலசேகரம் ஒரு முகமும் வைக்காமல் நிற்கிறார். வீடு பார்க்க வருகிறவர்கள் இவர்கள் யார் என்று கேட்பார்கள். படத்துக்கு மட்டும் என்று அவர் சொல்வதில்லை.

“எங்கட ஆக்கள்” என்பார். பிறகு தேத்தண்ணி போடப் போவார்.